கடகத்தைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? விவரணையால் படங்களை வகைபிரித்தல்

யாழ்ப்பாணத்தில் பழைய படங்கள் எத்தனையோ இடங்களில் முடங்கிக் கிடக்கின்றன. சனசமூக நிலையத்து அலுமாரி, பழைய மாணவர் சங்கத்தின் ஹார்ட் டிஸ்க், இடம்பெயர்ந்தபோது துணிமணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்த கலியாண அல்பம். 1981இல் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்த ஊரில், மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு படமும் பெறுமதியானது. அவற்றை ஸ்கான் செய்யும் வேலை பல இடங்களில் நடக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. எட்டாயிரம் கோப்புகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பெயர் ஓர் எண் மட்டுமே. துலாக் கிணறு தெரியும் படங்கள் வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டால், எட்டாயிரத்தையும் ஒருவர் திறந்து பார்க்க வேண்டும்.

படங்களைக் கணினியால் வகைபிரிக்கும் பழைய முறை இங்கே உதவாது. அந்த முறையில் ஒவ்வொரு வகைக்கும் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் படங்களைத் திரட்டி, கையால் பெயரிட்டு, கணினியைப் பழக்க வேண்டும். துலாவுக்கு ஆயிரம் படம் நாங்கள் எங்கே தேடுவது? இன்னொரு வழி உண்டு. வகையைச் சொற்களால் விவரித்துக் கொடுத்தால், எந்தப் படம் எந்த விவரணைக்குக் கிட்டவாக நிற்கிறது என்று கணினியே அளந்து சொல்லும். 2021 ஜனவரியில் ஓப்பன்ஏஐ வெளியிட்ட கிளிப் என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரிதான் (மொடல்) இந்த முறையைப் பரவலாக்கியது. அது கற்றதை எண்களாகத் தாங்கும் எடைக்கோப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இணையத்திலிருந்து ஒருமுறை இறக்கிக்கொண்டால் பிறகு இணைப்பே இல்லாமல் ஓடும்.

ஆனால் இந்த முறையில், நாம் எழுதும் விவரணைதான் வகைபிரிப்பான். அதைச் சரியாக எழுதாவிட்டால் கணினி தயங்காமல் தவறான விடை தரும். எங்கள் ஊர்ப் பொருட்களுக்கு இது இரண்டு மடங்கு உண்மை.

உள்ளே நடப்பது

கிளிப்பில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. ஒன்று படத்தை வாங்கி எண்வரிசையாக மாற்றுகிறது, மற்றது வசனத்தை வாங்கி அதே நீளமுள்ள எண்வரிசையாக மாற்றுகிறது. கிளிப்பின் சிறிய வடிவமான விஐடி-பி/32இல் அந்த வரிசையின் நீளம் 512. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள் இதை 512 பரிமாணத்தில் ஒரு காவியாக (வெக்டர்) நினைத்துக்கொள்ளலாம். இரண்டு காவிகளின் நீளத்தையும் ஒன்றாக்கிவிட்டு, இடைப்பட்ட கோணத்தின் கோசைனை எடுத்தால் அதுதான் ஒற்றுமை எண். கோணம் சிறுத்தால் எண் பெருக்கும்.

இந்த இரண்டு பகுதிகளும் ஒரே வெளியில் சந்திக்கக் காரணம் பயிற்சி. இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடிப் பட-வசனச் சோடிகளில் ஒரு தடவைக்கு 32,768 சோடிகளை எடுத்து, எந்தப் படத்துக்கு எந்த வசனம் உரியது என்று கண்டுபிடிக்க வைத்தார்கள். உரிய சோடியின் கோணம் சுருங்கவும், உரியதல்லாத மற்ற எல்லாச் சோடிகளின் கோணமும் விரியவும் எடைகள் திருத்தப்பட்டன. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. யாரும் படத்துடன் எழுதி வைக்காத சொல்லை இந்த மாதிரி கற்றிருக்க முடியாது. அந்தச் சோடிகளைத் திரட்ட 5 இலட்சம் தேடற்சொற்கள் பயன்பட்டன. அவற்றின் அடிப்படைப் பட்டியல், ஆங்கில விக்கிப்பீடியாவில் குறைந்தது 100 தடவை வந்த சொற்கள். அந்தச் சல்லடையில் சங்கடப்படலை தங்கியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பனைமரத்தின் தலை எங்கே போனது

விவரணைக்குப் போகுமுன் படத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதித் தவறுகள் அங்கேதான் நடக்கின்றன. கிளிப் படத்தை முழு அளவில் பார்ப்பதில்லை. குறுகிய பக்கத்தை 224 புள்ளிகளாகச் சுருக்கி, நடுவில் 224க்கு 224 சதுரத்தை வெட்டி எடுக்கும். 3:4 விகிதத்தில் நெட்டாக எடுத்த படம் 224க்கு 299 ஆகச் சுருங்கும். அதில் மேலே 37, கீழே 38 புள்ளிகள் வெட்டுப்படும். அதாவது படத்தின் கால்வாசி. கைபேசியில் 9:16 விகிதத்தில் எடுத்திருந்தால் 44 சதவீதம் போய்விடும்.

பனைக்கும் தென்னைக்கும் வேறுபாடு காட்டுவது உச்சியில் ஓலை விரியும் வட்டு. பனையோலை விசிறி போல விரியும், தென்னோலை நீண்ட மட்டையின் இரு புறமும் கீற்றாகத் தொங்கும். நெட்டுப் படத்தில் மேற்பகுதியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு தண்டு. அதைப் பார்த்து மாதிரி தென்னை என்றால் அதன்மீது குற்றம் சொல்ல முடியாது. தீர்வு எளிது: வெட்ட விடாமல், குறுகிய பக்கத்தின் இரு புறமும் சாம்பல் நிறத்தை நிரப்பிச் சதுரமாக்கிக் கொடுக்க வேண்டும். கிளிப்பைப் போன்ற சிக்லிப் வகை மாதிரிகள் வெட்டாமல் முழுப் படத்தையும் சதுரமாக நசுக்கும். அவற்றில் தலை தப்பும், உருவம் சற்றுக் குறுகும்.

அந்த 224 புள்ளிச் சதுரமும் 32க்கு 32 புள்ளி அளவுள்ள கட்டங்களாக, மொத்தம் 49 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு குசினிப் படத்தின் மூலையில் நிற்கும் மூக்குப்பேணி அதில் ஒரு துண்டைக்கூட நிரப்பாது. சிறு பொருட்களைத் தேடுவதானால் கிளிப்பின் பெரிய மாதிரியான விஐடி-எல்/14இன் 336 புள்ளி வடிவம் நல்லது. அது 576 துண்டுகளாகப் பார்க்கிறது. நேரம் பல மடங்கு எடுக்கும். இல்லாவிட்டால் படத்தை நான்கோ ஒன்பதோ பகுதிகளாக வெட்டித் தனித்தனியே கொடுத்து, கூடிய ஒற்றுமையை எடுக்கலாம்.

ஸ்கான் செய்த கோப்புகளில் வேறு சில பொறிகளும் உண்டு. அல்பத்தின் ஒரு பக்கத்தை முழுதாக ஸ்கான் செய்திருந்தால் அதில் நான்கு படங்கள் இருக்கும். மாதிரி நான்கையும் கலந்து ஒரே காவியாக்கும். ஆகவே முதலில் பிரித்து வெட்ட வேண்டும். 16-பிட் கறுப்பு வெள்ளை டிஃப் கோப்பைப் பைதனின் பில்லோ நிரலகத்தால் நேரே நிறப்படமாக மாற்றினால், பெரும்பாலும் வெள்ளைத் தாளாக வந்து நிற்கும். முதலில் 8-பிட்டுக்குக் குறைக்க வேண்டும். கைபேசிப் படங்கள் சரிந்து கிடக்கலாம், ஏனென்றால் நிமிர்த்தும் குறிப்பு கோப்பின் எக்ஸிஃப் தகவலில்தான் இருக்கிறது. அதைப் பயன்படுத்தி நிமிர்த்தும் கட்டளையை நாம்தான் கொடுக்க வேண்டும்.

பெயரை விட்டு உருவத்தைச் சொல்லுங்கள்

ஆங்கிலத்தில் பயின்ற மாதிரிக்கு விவரணையும் ஆங்கிலத்திலேயே போக வேண்டும். இங்கே அவற்றின் பொருளைத் தமிழில் தருகிறோம்.

நீத்துப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். அந்தச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பதால் பயனில்லை. புட்டு அவிக்கும் பாத்திரம் என்று எழுதினால், கேரளத்து உலோகப் புட்டுக்குழாய்தான் அந்தச் சொல்லோடு பயிற்சியில் வந்திருக்கும். 'ஓலையால் பின்னிய கூம்பு வடிவச் சிறு கூடையின் ஒளிப்படம்' என்று எழுதினால் மூன்று பிடிமானம் கிடைக்கிறது: ஓலை, பின்னல், கூம்பு. மூன்றும் எந்த நாட்டுப் படத்திலும் வந்த சொற்கள். சுளகுக்கு 'ஓலையால் பின்னிய தட்டையான தானியம் புடைக்கும் தட்டு', கடகத்துக்கு 'ஓலையால் பின்னிய அகன்ற ஆழமான கூடை'. திருவலைக்கு 'பல்லுள்ள இரும்பு நாக்குப் பொருத்திய தாழ்ந்த மரப்பலகை' என்பதும், 'தேங்காய் துருவும் பலகை' என்பதும் சேர்ந்து போகலாம். சங்கடப்படலைக்கு 'வேலியில் சிறு கூரை போட்ட மர வாசற்கதவு'.

சில பொருட்களுக்கு வேறு நாட்டில் உறவு இருக்கும், அதைத் தேடிப் பிடிப்பது பெரும் உதவி. துலாவைப் போன்ற ஏற்றம் எகிப்தில் ஷடூஃப் என்ற பெயரில் உலகறிந்தது. அந்தப் பெயரையும், 'கிணற்றின் மேல் நிற்கும் நீண்ட சாய்ந்த மரம்' என்ற உருவ விவரணையையும் இரண்டு விவரணைகளாகவே கொடுக்கலாம்.

இப்படி ஒரே வகைக்குப் பல விவரணைகள் எழுதி, ஒவ்வொன்றின் காவியையும் நீளம் ஒன்றாக்கி, சராசரி எடுத்து, திரும்பவும் நீளம் ஒன்றாக்குவது நிலைபெற்ற வழக்கம். கிளிப்பை உருவாக்கியவர்களே 1,000 வகைகள் கொண்ட இமேஜ்நெட் தொகுப்பில் இதைக் காட்டினார்கள். வெறும் பெயருக்குப் பதிலாக 'இது இன்னதன் ஒளிப்படம்' என்று வசனமாக எழுதியதால் 1.3 சதவீதப் புள்ளிகள் கூடின. இப்படியான 80 வசனச் சட்டங்களின் சராசரியை எடுத்ததால் மேலும் 3.5 கூடியது. எங்கள் வேலைக்கு ஆறு, ஏழு போதும். அவற்றில் குறைந்தது இரண்டு 'பழைய கறுப்பு வெள்ளை ஒளிப்படத்தில்' என்று தொடங்கட்டும்.

எல்லா வகைகளுக்கும் ஒரே சட்டமும் கிட்டத்தட்ட ஒரே நீளமும் இருக்க வேண்டும். ஒன்றுக்கு ஒற்றைச் சொல்லும் மற்றதுக்கு இருபது சொல்லும் கொடுத்தால், ஒப்பீடு படத்தின் மேல் நடக்காமல் வசன நடையின் மேல் நடக்கும். இரட்டைப் பொருளுள்ள சொற்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். முருங்கைக்காய்க்கு டிரம்ஸ்டிக் என்று மட்டும் எழுதினால் மேளக்குச்சியும் பொரித்த கோழிக்காலும் முன்னுக்கு வரும். 'மரத்தில் தொங்கும் நீண்ட பச்சைக் காய், மரக்கறி' என்று சேர்த்தால் நேராகும்.

இல்லை என்ற சொல்லை நம்பி எழுதக்கூடாது. 'ஆட்கள் இல்லாத கோயில் வீதி' என்று கொடுத்தால் ஆட்கள் என்ற சொல்தான் படத்தை இழுக்கும். 'வெறிச்சோடிய கோயில் வீதி' என்பது நன்றாக வேலை செய்யும். சொற்களின் ஒழுங்கையும் மாதிரி பலவீனமாகவே பிடிக்கிறது. வள்ளத்துக்கு மேல் வலை, வலைக்கு மேல் வள்ளம், இரண்டும் அதற்கு ஏறத்தாழ ஒன்று.

95 சதவீதம் என்று வந்தால்

முதன்முதலில் ஓட்டிப் பார்ப்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. இரண்டு வகைகள் கொடுத்தோம், 95 சதவீதம் கடகம் என்று திரையில் வந்தது, ஆகவே கணினிக்கு நிச்சயம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கிளிப்பில் படத்துக்கும் வசனத்துக்கும் இடையிலான ஒற்றுமை எண் ஒன்றை நெருங்குவதில்லை. நல்ல பொருத்தமே வழக்கமாக 0.3ஐ ஒட்டித்தான் நிற்கும். அந்தச் சிறு எண்களை 100ஆல் பெருக்கி, பிறகு மொத்தம் 100 சதவீதம் வரும்படி பங்கிடுகிறார்கள். கடகத்துக்கு 0.28, சுளகுக்கு 0.25 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.03, பெருக்கினால் 3. இயற்கை மடக்கையின் அடியான 2.718ஐ மூன்று தடவை பெருக்கினால் ஏறத்தாழ 20. ஆகவே பங்கு 20க்கு 1, அதாவது 95க்கு 5. இனி கடகத்துக்கு 0.18, சுளகுக்கு 0.15 என்று வைத்துப் பாருங்கள். அதே 95 சதவீதம்தான் வரும். இரண்டாவது படம் உண்மையில் ஒரு மிதிவண்டியாக இருக்கலாம். பட்டியலில் மிதிவண்டி இல்லாததால், இருப்பவற்றுள் கிட்டியதற்கு எல்லாப் பங்கும் போய்விட்டது.

ஆகவே சதவீதத்துடன் பெருக்காத ஒற்றுமை எண்ணையும் பதிவுசெய்ய வேண்டும். பட்டியலில் எங்கள் தேவைக்குப் புறம்பான வகைகளையும் சேர்க்க வேண்டும்: மனிதர் கூட்டம், கட்டடம், வாகனம், எழுத்து நிரம்பிய தாள், மங்கிப்போன தெளிவற்ற படம். அவற்றுள் விழுந்தவற்றை ஒதுக்கிவிடலாம். 2023இல் கூகிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட சிக்லிப் ஒவ்வொரு சோடியையும் தனித்தனியே மதிப்பிடப் பழகியது. அதில் மொத்தம் 100 ஆகவேண்டிய கட்டாயம் இல்லாததால், 'இவற்றுள் எதுவுமில்லை' என்ற நிலை இயல்பாகவே வரும். எந்த எண்ணில் கோடு கிழிப்பது என்பதை மட்டும் நாமே சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

தமிழில் எழுதினால் என்ன ஆகும்

ஓப்பன்ஏஐயின் கிளிப்புக்குத் தமிழில் எழுதினால் பிழைச் செய்தி எதுவும் வராது. விடையும் வரும். அந்த விடைக்கு மதிப்பில்லை. வசனத்தைத் துண்டாக்கும் விதி, எழுத்து என்று யூனிகோட் வகுத்தவற்றை மட்டும் ஒன்றாகச் சேர்க்கிறது. தமிழின் புள்ளியும் உயிர்க்குறிகளும் யூனிகோட்டில் குறிகள் என்ற வகையில் இருப்பதால் அவை மெய்யிலிருந்து பிரிந்து போகின்றன. யாழ் என்ற சொல் ய, கால், ழ, புள்ளி என்று நான்காக உடைகிறது. ஒவ்வொன்றும் யூரிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் மூன்று பைட். யாழ்ப்பாணம் என்ற ஒரு சொல்லே 33 பைட் எடுக்கும். ஒரு விவரணைக்கு மொத்த இடம் 77 துண்டுகள், தொடக்க முடிவுக் குறிகள் போக 75. நாலைந்து தமிழ்ச் சொற்களில் இடம் முடிந்துவிடக்கூடும். முடியாவிட்டாலும் அந்தத் துண்டுகளுக்கு மாதிரி கற்ற பொருள் எதுவுமில்லை.

தமிழிலேயே வேலை செய்ய விரும்பினால் பன்மொழி மாதிரி எடுக்க வேண்டும். கிளிப் வகை மாதிரிகளைத் திரட்டித் தரும் ஓப்பன்கிளிப் தொகுப்பில், வசனப் பகுதிக்கு எக்ஸ்எல்எம்-ரொபேர்ட்டா என்ற மொழி மாதிரியைப் பொருத்திய மாதிரி இருக்கிறது. அது தமிழ் உட்பட 100 மொழிகளில் பயின்றது. 2025 பெப்ரவரியில் வந்த சிக்லிப் 2உம் பன்மொழி மாதிரிதான்.

ஆனால் இவற்றுக்குத் தெரிந்த தமிழ் இணையத் தமிழ். அதில் கடகம் என்றால் பெரும்பாலும் ராசி. அந்தச் சொல்லைத் தனியே கொடுத்தால் நண்டுப் படமும் சோதிடக் கட்டமும் கிட்டவாக நிற்க இடமுண்டு. சுளகு, திருவலை, கிடுகு போன்றவை இணையத்தில் அரிது. முறம், துருவி, கீற்று என்ற தமிழகச் சொற்களே அதிகம். ஆகவே இரண்டு வழக்கையும் ஒரே வகைக்கு இரண்டு விவரணைகளாகக் கொடுத்துச் சராசரி எடுப்பது நல்லது. எங்கள் சொல் கோப்பில் பதிவாகட்டும், தேடுவதற்குத் துணையாக மற்றச் சொல்லும் நிற்கட்டும்.

வேலையின் ஒழுங்கு

முதலில் மூலக்கோப்புகளைத் தொடாமல், நீண்ட பக்கம் 1,000 புள்ளி வரும்படி சிறு பிரதிகள் செய்துகொள்ளுங்கள். பெரிய டிஃப் கோப்பைத் திறப்பதற்கு எடுக்கும் நேரம், மாதிரி அதைப் பார்ப்பதற்கு எடுக்கும் நேரத்தை விடக் கூடியது. விஐடி-பி/32 மாதிரிக்கு ஏறத்தாழ 15 கோடி எடைகள், 32-பிட் எண்களாக 600 மெகாபைட். 8 ஜிகாபைட் நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும், கிராபிக்ஸ் கார்ட் தேவையில்லை. எட்டாயிரம் படங்கள் ஓர் இரவுக்குள் முடியும். ஓப்பன்கிளிப் நிரலகத்தில் ஓப்பன்ஏஐ எடைகளை ஏற்றும்போது குவிக்ஜெலு என்று குறித்த வடிவத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். மாறிப்போனால் நிரல் வழமைபோல ஓடும், துல்லியம் மட்டும் சத்தமின்றிக் குறையும்.

படங்களின் காவிகளை ஒருமுறை கணித்துச் சேமித்துவிடுங்கள். ஒரு படத்துக்கு 512 எண்கள், 2 கிலோபைட். எட்டாயிரத்துக்கும் சேர்த்து 16 மெகாபைட்தான். இனி விவரணையை மாற்றி எழுதி ஓட்டிப் பார்ப்பது சில நொடி வேலை. இந்த வசதிதான் முறையின் உண்மையான பலம். ஒரு மாலைக்குள் முப்பது விதமாக எழுதிப் பார்க்கலாம்.

எழுதிப் பார்க்கும்போது எது மேல் என்று தெரிய, விடை தெரிந்த படங்கள் தேவை. கண்ணை மூடிக்கொண்டு எடுத்த 300 படங்களை, பொருட்களை அறிந்த இருவர் தனித்தனியே பெயரிடட்டும். பெரியவர்கள் இருவர் கிடைத்தால் மிகவும் நல்லது. பிறகு எந்த வகை எந்த வகையாகத் தவறி விழுகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். மொத்தத் துல்லியம் 85 சதவீதம் என்ற ஒற்றை எண் எதையும் சொல்லாது. சுளகில் பாதி கடகமாகப் போகிறது என்று தெரிந்தால்தான் எந்த வசனத்தைத் திருத்துவது என்று தெரியும். முதலிரு வகைகளின் எண்கள் கிட்டக்கிட்ட நிற்கும் படங்களைத் தனியே ஒதுக்கி, ஆட்களின் பார்வைக்கு விடுங்கள்.

எவ்வளவு எழுதியும் பிரியாத வகைகள் இருக்கும். மாம்பழத்தில் கறுத்தக்கொழும்பானையும் அம்பலவியையும் படத்தில் பிரிக்கச் சொல்லால் முடியாது. அப்போது சேமித்த காவிகளின் மேல் ஒரு சிறு நேர்கோட்டு வகைபிரிப்பானைப் பழக்கலாம். கிளிப் ஆய்வில், விவரணை மட்டும் தந்த விடை, வகைக்கு நான்கு படங்கள் காட்டிப் பழக்கிய வகைபிரிப்பானுக்குச் சராசரியில் சமமாக நின்றது. ஒன்றிரண்டு படங்களைக் கொண்டு பழக்கினால் விவரணையை விட மோசமாகவே வரும். வகைக்கு 15, 20 படமாவது இருந்தால் முயலுங்கள்.

எண்ணச் சொல்லாதீர்கள். தேர் இழுக்கும் படத்தில் எத்தனை தேர் என்பதற்கு வரும் விடை ஊகம். கையெழுத்து இலக்கங்களை வாசிக்கும் எளிய சோதனையில்கூடக் கிளிப் 88 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆனால் படத்தில் தெளிவாக அச்சான ஆங்கில எழுத்து இருந்தால், அது பொருளையே மறைத்துவிடும். அப்பிள் பழத்தில் ஐபொட் என்று எழுதி ஒட்டியபோது மாதிரி அதை ஐபொட் என்றது. 2021இல் ஓப்பன்ஏஐயே இதைக் காட்டியது. தேயிலைப் பெட்டியில் அடுக்கிய பனங்கட்டி தேயிலையாகப் பதிவாவது இப்படித்தான். பெயர்ப்பலகை தெரியும் படங்களைத் தனிக் குவியலாக்கிக் கையால் பார்ப்பதே பாதுகாப்பு.

ஆட்களின் முகங்கள்

மனிதர்களை இந்த முறையால் வகைபிரிக்க வேண்டாம். சமயம், சாதி, தொழில், ஊர், இயக்கம் என்று எதை எழுதிக் கொடுத்தாலும் மாதிரி ஒரு விடை தரும், 95 சதவீதத்துடன் தரும். கிளிப்பை வெளியிட்டவர்களின் சோதனையிலேயே, குற்றம் சார்ந்த சொற்களைப் பட்டியலில் சேர்த்தபோது மனித முகங்கள் அவற்றுள் விழுந்தன. விழுந்த அளவு இனத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறியது. இருபது வயதுக்குக் குறைந்தவர்கள் கூடுதலாக விழுந்தார்கள். குழந்தை என்ற ஒரு வகையைப் பட்டியலில் சேர்த்ததும் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. எங்கள் படங்களில் காணாமற்போனவர்களும் இறந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடும் குடும்பங்களும் இருக்கின்றன. 'ஆட்கள் உள்ள படம்' என்ற ஒரே வகையோடு நிறுத்தி, பெயரும் விவரமும் தெரிந்தவர்களிடம் கேட்டு எழுதுவதுதான் முறை. அத்தகைய படங்களை வெளிநாட்டு இணையச் சேவைக்கு ஏற்றாமல், சொந்தக் கணினியிலேயே வேலையை முடிக்கலாம் என்பதும் சிறு மாதிரியைத் தெரிவுசெய்ய ஒரு நல்ல காரணம்.

முடிவில் அட்டவணையில் எழுதும்போது, கணினி சொன்ன வகையை மனிதர் சொன்ன வகையோடு ஒரே நிரலில் கலக்காதீர்கள். கணினியின் வகை, அதன் ஒற்றுமை எண், மாதிரியின் பெயர், பயன்படுத்திய விவரணை, திகதி ஆகியவற்றுக்குத் தனித்தனி நிரல்கள் வைத்து, பார்த்து உறுதிப்படுத்தியவருக்கென்று இன்னொரு நிரலை வெறுமையாக விடுங்கள். வேறு மாதிரி வந்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்டும் நாளில், அந்தக் கடைசி நிரல் நிரம்பிய வரிகளை மட்டும் தொடாமல் விடலாம்.